ஏழாம் நம்பர் கட்டில்

வால்புர்கா: ...அதெல்லாம் முடியாது. கூடையைத் திருப்பித் தூக்கிட்டுப் போறதுக்கா சந்தையிலேர்ந்து இம்புட்டு தூரம் நடந்து வந்தேன்?

வெண்டெலின்: சொன்னாக் கேளுங்கம்மா. பொணவீட்டுக் காவக்காரனுக்கு யாரும் சாப்பாடு கொண்டு வர்ற வழக்கம் கெடையாது.

வால்புர்கா: செத்தவங்க கொண்டு வர மாட்டாங்க. நாந்தான் சாகலையே!

வெண்டெலின்: அய்யோ... வாயைக் கழுவுங்க.

வால்புர்கா: எதுக்குக் கழுவணும்? மூணு வாரத்துக்கு முன்னாடி இதே வீட்டுக்குள்ள, அந்தா தெரியுது பாருங்க, அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏழாம் நம்பர் கட்டில்ல பூவுக்கு நடுவுல படுத்திருந்தேன். இன்னிக்கு உங்க அறையில உங்க நாற்காலியில உக்காந்து உங்களைத் திட்டிக்கிட்டிருக்கேன். இதைவிட என்ன வேணும் எனக்கு? தள்ளுங்க, மேசையில எடம் விடுங்க. கருப்பு ரொட்டி. புது வெண்ணெய். ஒரு ஜாடி பீர். ரெண்டு வெள்ளை முள்ளங்கி, என் கடை முள்ளங்கி.

வெண்டெலின்: முள்ளங்கியா...

வால்புர்கா: ஏன், மூஞ்சி ஏன் அப்படிப் போகுது?

வெண்டெலின்: ஒண்ணுமில்ல. அந்தப் பொட்டலம் என்ன, நூல் போட்டுக் கட்டினது?

வால்புர்கா: கையை எடுங்க! அது கடைசியில. மொதல்ல வயிறு.

வெண்டெலின்: எனக்குப் பசியில்லம்மா. பன்னெண்டு அடிச்சதும் டாக்டர் லாங்கர் வந்துடுவாரு.

வால்புர்கா: வரட்டுமே. அவருக்கும் சேத்துத்தான் நான் வந்தேன். எங்கிட்ட வாக்குமூலம் வாங்கணுமாம், வீட்டுக்கு ஆள் அனுப்பிட்டாரு. பொணத்து விரல்ல கட்டின நூல் இழுத்து மணி அடிச்சு ஒரு உசுரு பொழைச்சுதுன்னா பவேரியா முழுக்க இதுதான் மொதல் தடவையாமே? உங்களுக்கு ராஜா பதக்கம் தரப் போறாராமே?

வெண்டெலின்: பேச்சு நடக்குது.

வால்புர்கா: சந்தை முழுக்க அதே பேச்சுத்தான். ‘வால்புர்கா விரலை அசைச்சா, நூல் இழுத்துச்சு, மணி அடிச்சுது, வெண்டெலின் பாய்ஞ்சு போனாரு.’ மீன்காரி ரெஸ்ல் தினமும் நடிச்சே காட்டுறா. உங்க வேஷத்துக்கு மீசை வேற வரைஞ்சுக்கறா.

வெண்டெலின்: அந்த ரெஸ்ல்தானே ஞாயித்துக்கெழமை கண்ணாடி வழியா உங்களைப் பாக்க வந்தவ?

வால்புர்கா: ஊரே வந்துச்சு. ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சா எல்லாருக்கும் இங்கதானே உலாத்தல்? யார் செத்தா, யாருக்கு எத்தனை மாலை... ‘தொப்பி கொஞ்சங்கூடப் பொருந்தல, நீலம் போட்டிருக்கலாம்’னா அந்தச் சிறுக்கி.

வெண்டெலின்: ...அது உங்களுக்குக் கேட்டுச்சா?

வால்புர்கா: என்ன?

வெண்டெலின்: தொப்பி பத்தி அவ சொன்னது. ஞாயித்துக்கெழமை நீங்க... நீங்க அசையாம கெடந்தீங்க. எழுந்திரிச்சது திங்கக்கெழமை. ஒண்ணுமே கேக்கல, ஒண்ணுமே தெரியலன்னு சொன்னீங்களே?

வால்புர்கா: அவளே அப்புறமா சொன்னாண்ணே. என்னைக் கட்டிப்புடிச்சு அழுதுக்கிட்டே சொன்னா. ஏன், திடீர்னு துருவித் துருவிக் கேக்கறீங்க?

வெண்டெலின்: சும்மாத்தான். அப்ப உங்களுக்கு மொதல்ல என்ன நெனப்பு வந்துச்சு? எது மொதல்ல?

வால்புர்கா: எத்தனை தடவை சொல்றது? முள்ளங்கி வாசனை. கண்ணைத் தொறந்தா உங்க மூஞ்சி. மீசையெல்லாம் ரொட்டித்தூள். கையில முள்ளங்கியை வெறகு மாதிரி வெட்டி வெச்சுக்கிட்டு, உப்புகூடப் போடாம, மாடு தின்ற மாதிரி கடிச்சுக்கிட்டிருக்கீங்க. எனக்குப் பொறுக்கல.

வெண்டெலின்: ‘அட மடையா, அதை உப்பு போட்டு அழ விடு’ன்னீங்க.

வால்புர்கா: ஆமா, சொன்னேன்.

வெண்டெலின்: முப்பது வருஷத்துல செத்தவங்க யாரும் என்னை மடையான்னு கூப்பிட்டதில்ல. முள்ளங்கி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் விழுந்தேன்.

வால்புர்கா: ஹஹ்ஹா! தப்பில்ல அண்ணே, சுருள் சுருளா சீவி, உப்பைத் தூவி, தண்ணி விடுற வரைக்கும் காத்திருக்கணும். அப்பத்தான் காரம் எறங்கும். இப்ப பாருங்க, நான் சீவுறேன்... ஏன் எழுந்து நடக்கறீங்க? உக்காருங்க. எடது காலைத் தூக்கித் தூக்கி வேற வெக்கறீங்க?

வெண்டெலின்: கல்லுத் தரை. ஜில்லுனு இருக்கு.

வால்புர்கா: வலது காலுக்குக் குளிராதோ?

வெண்டெலின்: அது... அது பழகிடுச்சு.

வால்புர்கா: நல்ல காலுங்க! ரெண்டும் ஒரே வீட்லதானே குடியிருக்கு?

வெண்டெலின்: அம்மா, ஒண்ணு கேக்கணும். டாக்டர் வந்து, மணி அடிச்சுதான்னு உங்களைக் கேட்டா... என்ன சொல்வீங்க?

வால்புர்கா: அடிச்சுதுன்னு சொல்வேன்.

வெண்டெலின்: உங்க காதால கேட்டீங்களா?

வால்புர்கா: நீங்க பதிவேட்டுல எழுதியிருக்கீங்களே. ‘பதினொண்ணேகால், ஏழாம் நம்பர், மணி அடித்தது, காவலர் விரைந்தார்.’ உங்க எழுத்தை நான் நம்பாம வேற யாரு நம்புவா?

வெண்டெலின்: சத்தியம் பண்ணச் சொல்வாரு. பைபிள் மேல கை வெச்சு.

வால்புர்கா: வெச்சாப் போச்சு. இந்தாங்க, தண்ணி விட்டிருச்சு பாருங்க, இப்ப ஒரு சுருள் வாயில போடுங்க. எப்படி?

வெண்டெலின்: நல்லாருக்கு.

வால்புர்கா: அழறீங்களா? காரமா?

வெண்டெலின்: காரந்தான்.

வால்புர்கா: அண்ணே, இங்க பாருங்க. என் அம்மாவுக்கு சாவைவிட குழிதான் பயம். உசுரோட புதைச்சுட்டா என்ன பண்றதுன்னு வாழ்க்கை பூரா பொலம்புனா. செத்ததும் தன் கை நரம்பை அறுத்துப் பாத்துட்டுத்தான் மண்ணு போடணும்னு எழுதியே வெச்சிருந்தா. நான் சிரிப்பேன். இப்ப சிரிப்பு வர்றதில்ல. சந்தையில காய்ச்சலோட விழுந்தேன். என் வீட்டுக்காரர் மூக்குக்கிட்ட கண்ணாடி வெச்சுப் பாத்தாரு, பஞ்சு வெச்சுப் பாத்தாரு, ஒண்ணும் ஆடல. நம்ம ஊர்ல மூணு நாள் இங்க கெடத்தணும்னு சட்டம் இல்லேன்னா அன்னிக்கு சாயங்காலமே மண்ணுக்குள்ள போயிருப்பேன். அங்க கண்ணைத் தொறந்திருப்பேன். மேல பலகை. பலகைக்கு மேல மண்ணு. யாரை மடையான்னு கூப்பிடுவேன், சொல்லுங்க?

வெண்டெலின்: வேணாம்மா, பேசாதீங்க அதை.

வால்புர்கா: இன்னும் படுத்தா தூக்கம் வர்றதில்ல. கையைப் போர்வைக்கு வெளிய வெச்சுக்கிட்டுத்தான் படுக்கறேன். ஆனா தினமும் விடியுது. விடிஞ்சதும் சன்னலைத் தொறந்து, ‘வெண்டெலின் அண்ணன் நல்லாருக்கணும்’னு சொல்லிட்டுத்தான் அடுப்பு பத்த வெக்கறேன். என் வீட்டுக்காரரும் கூடச் சேந்து சொல்றாரு. அந்த மனுஷன் கோயிலுக்கே போகாதவரு.

வெண்டெலின்: அம்மா... நீங்க நெனைக்கற மாதிரி ஆள் இல்ல நான்.

வால்புர்கா: எப்படி ஆளு?

வெண்டெலின்: அந்தத் திங்கக்கெழமை... நான்...

வால்புர்கா: பன்னெண்டு அடிக்குது. டாக்டர் வர்றாரு, வாயைத் தொடைங்க.

டாக்டர் லாங்கர்: வணக்கம், வணக்கம். அடேயப்பா, விருந்தே நடக்குது! அம்மா, உடம்பு எப்படி?

வால்புர்கா: பசிக்குது, தூங்கறதுதான் கஷ்டம், மத்தபடி உசுரோட இருக்கேன் டாக்டர் ஐயா.

டாக்டர் லாங்கர்: அதுதானே முக்கியம்! சரி, நேரமில்ல, ரெண்டே கேள்வி. வெண்டெலின், பதிவேட்டைக் கொண்டா. என்னய்யா ஒத்தைக் கால்ல நிக்கறே?

வெண்டெலின்: குளிரு டாக்டர்.

டாக்டர் லாங்கர்: அடுப்பு பக்கத்துலயே நிக்கறே, குளிருங்கறே! சரி. அம்மா, பைபிள் மேல கை வைங்க. விரல்ல மோதிரம் மாட்டி, மோதிரத்துல நூல் கட்டியிருந்துச்சே, அந்த நூலை நீங்க இழுத்தீங்களா?

வால்புர்கா: இழுத்தேன் ஐயா. சத்தியமா.

டாக்டர் லாங்கர்: பிரமாதம். நூல் இழுத்ததும் மணி அடிச்சுதா?

வால்புர்கா: அடிச்சுது ஐயா! கோயில் மணி கெட்டுது போங்க. கணகணகணன்னு...

வெண்டெலின்: அடிக்கல.

டாக்டர் லாங்கர்: என்ன?

வால்புர்கா: அண்ணே, சும்மா இருங்க. ஐயா, அவருக்குப் பசி மயக்கம்.

வெண்டெலின்: அடிக்கல டாக்டர். இந்தம்மா பைபிள் மேலேர்ந்து கையை எடுக்கட்டும். எனக்காக நரகத்துக்குப் போக வேணாம்.

வால்புர்கா: என் கை, என் நரகம்! உங்களுக்கு என்ன?

டாக்டர் லாங்கர்: ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. வெண்டெலின், நீயே எழுதியிருக்கே. ‘மணி அடித்தது.’ இது உன் கையெழுத்துதானே?

வெண்டெலின்: என் கையெழுத்துதான். பொய்யும் என்னோடதுதான். மணி அடிச்சிருக்காது. நான் அதைத் துணி வெச்சு அடைச்சிருந்தேன்.

டாக்டர் லாங்கர்: ...அடைச்சிருந்தியா?

வெண்டெலின்: முப்பது கட்டில் டாக்டர். முப்பது நூல். எல்லாம் வந்து இந்த ஒரே மணியில முடியுது. எட்டாம் நம்பர்ல பீர் ஆலை முதலாளி க்விரின் கெடந்தாரு. ரெண்டாள் பாரம். செத்த உடம்பு ஊதும், உங்களுக்குத் தெரியாததா? ஊதினா விரல் நகரும். விரல் நகந்தா மணி அடிக்கும். அன்னிக்கு விடிஞ்சதுலேர்ந்து நாப்பது தடவை அடிச்சுது. நாப்பது தடவையும் ஓடினேன், முப்பது பேரையும் பாத்தேன். நாப்பது தடவையும் முதலாளிதான்.

டாக்டர் லாங்கர்: ஏன்யா, அந்த ஒருத்தர் விரல்லேர்ந்து மோதிரத்தைக் கழட்டிட வேண்டியதுதானே?

வெண்டெலின்: செவுத்துல நீங்கதான் சட்டம் எழுதி மாட்டியிருக்கீங்க. ‘மூன்று நாள் முடியும் முன் மோதிரத்தைத் தொடும் காவலர் அன்றே நீக்கப்படுவார்’ன்னு.

டாக்டர் லாங்கர்: ஆமா.

வெண்டெலின்: மணியைத் தொடக் கூடாதுன்னு எழுதலையே.

வால்புர்கா: ஐயா, அது ஞாயந்தான?

டாக்டர் லாங்கர்: நீங்க சும்மா இருங்கம்மா! எவ்வளவு நேரம் அடைச்சு வெச்சே?

வெண்டெலின்: கால் மணி நேரம் இருக்கும். தலை வெடிச்சுப் போச்சு, கொஞ்சம் கண்ணை மூடலாம்னு பாத்தேன். மனசு கேக்கல. ரொட்டியையும் முள்ளங்கியையும் எடுத்துக்கிட்டு முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வருவோம்னு உள்ள போனேன்.

டாக்டர் லாங்கர்: செத்தவர்கிட்டயா?

வெண்டெலின்: அவர் மணியைத்தானே அமுக்கினேன்? மன்னிப்பை அவர்கிட்டத்தான் கேக்கணும். எப்பவும் பேசுவேன் டாக்டர். எல்லார்கிட்டயும். என் வீட்டுக்காரி போனதுக்கப்புறம் எனக்கு இங்க வேற யாரு? மன்னிப்பு கேட்டுட்டு, அங்கேயே ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல உக்காந்து தின்னேன். அப்பத்தான் இந்தம்மா...

வால்புர்கா: மடையான்னேன்.

டாக்டர் லாங்கர்: அந்தத் துணி எங்கே?

வெண்டெலின்: அடுப்புல போட்டு எரிச்சுட்டேன். எரிச்சுட்டு வந்துதான் பதிவேட்டுல எழுதினேன். பயம் டாக்டர். வேலை போனா இந்த அறையும் போயிடும். அறுபத்திரெண்டு வயசுல எங்க போவேன்? மூணு வாரமா ஊர்ல எல்லாரும் தொப்பியைக் கழட்டிக் கும்புடறாங்க. சோறு எறங்கல.

டாக்டர் லாங்கர்: முட்டாளே, மூணு ஊர் நகரசபைக்கு நேத்து கடிதம் போட்டுட்டேன். எங்க மணி ஒரு உசுரைக் காப்பாத்திடுச்சு, நீங்களும் இதே மாதிரி ஒத்தை மணி மாட்டுங்கன்னு.

வெண்டெலின்: அதான் சொல்லிட்டேன். பதக்கத்தை வாங்கிக்கிட்டு வாயை மூடியிருப்பேன் டாக்டர், அந்த அளவுக்குக் கோழைதான் நான். ஆனா அந்த ஊர்லயும் ஒரு க்விரின் முதலாளி செத்துப் போவாரே. அங்கயும் ஒரு காவக்காரனுக்குத் தலை வலிக்குமே. பக்கத்துக் கட்டில்ல ஒரு பொம்பளை நூலை இழுத்துக்கிட்டே கெடந்தா யாருக்குத் தெரியும்? அதுக்கப்புறம் மண்ணு...

டாக்டர் லாங்கர்: போதும். எனக்குப் புரியுது.

வால்புர்கா: டாக்டர் ஐயா, நான் ஒண்ணு சொல்லலாமா?

டாக்டர் லாங்கர்: வேணாம்னா நிறுத்திடுவீங்களா?

வால்புர்கா: மாட்டேன். இவர் வேலையில கை வெச்சீங்கன்னா, நாளைக்குக் காலையில என் முள்ளங்கிக் கடையில நின்னு பேச ஆரம்பிப்பேன். செத்துப் பொழைச்ச பொம்பளை பேச்சைக் கேக்கக் கூட்டம் கூடும். முப்பது கட்டிலுக்கு ஒரு மணி மாட்டின புத்திசாலி யாருன்னு சொல்வேன். ரெஸ்ல் அதை நடிச்சுக் காட்டுவா. உங்களுக்கும் மீசை வரைவா.

டாக்டர் லாங்கர்: எனக்குத்தான் மீசை இருக்கே!

வால்புர்கா: இன்னும் பெருசா வரைவா.

டாக்டர் லாங்கர்: ...வெண்டெலின், பேனாவை எடு. அந்த வரியை அடி. அதுக்குக் கீழ நடந்ததை நடந்தபடி எழுது. மன்னிப்பு கேட்டதையும் எழுது, முள்ளங்கியையும் எழுது. கையெழுத்துப் போடு.

வெண்டெலின்: சரி டாக்டர்.

டாக்டர் லாங்கர்: பதக்கம் கெடையாது.

வெண்டெலின்: தெரியும் டாக்டர்.

டாக்டர் லாங்கர்: நான் இப்பவே தபால் ஆபீஸ் போகணும், மூணு கடிதம் எழுதணும். கட்டிலுக்கு ஒரு மணின்னு கொல்லன்கிட்ட சொல்றேன், ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு. பகல்ல ஒரு ஆள் இங்க, ஒரு ஆள் உள்ளயே கட்டில்களுக்கு நடுவுல. ரெண்டாவது ஆளை நீதான் பழக்கணும்.

வெண்டெலின்: அப்ப... வேலை?

டாக்டர் லாங்கர்: முப்பது மணி அடிச்சா உன்னை விட்டா எவன்யா ஓடுவான்? கதவைச் சாத்தறேன், குளிரடிக்குது. அம்மா, வர்றேன்.

வால்புர்கா: ஒரு சுருள் முள்ளங்கி எடுத்துக்கிட்டுப் போங்க ஐயா... எடுத்துக்கிட்டாரு! பாத்தீங்களா, நல்ல மனுஷன்தான்.

வெண்டெலின்: வேலை இருக்கு... வேலை இருக்கும்மா...

வால்புர்கா: இருக்கு. உக்காருங்க, விழுந்துடப் போறீங்க. பீரைக் குடிங்க.

வெண்டெலின்: உங்களுக்கு எம்மேல கோவமே வரலையா? நீங்க அங்க கெடந்தப்ப நான் மணியை அடைச்சு வெச்சிருந்தேன்னு இப்பத்தான் உங்க காதால கேட்டீங்க. ஒரு வார்த்தை திட்டல. அதுக்கு முன்னாடியே எனக்காகப் பொய் சத்தியம் வேற பண்ணப் போனீங்க.

வால்புர்கா: மணி எப்படியும் சும்மாதான் அண்ணே. அது அடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நாப்பத்தோராவது தடவையும் முதலாளிதான்னு நெனைச்சு, ஒரு எட்டு பாத்துட்டு ஓடியிருப்பீங்க. செத்த மனுஷன்கிட்ட மன்னிப்பு கேக்க உள்ள வந்து உக்காந்தீங்களே, அந்த மனசுதான் என்னை எழுப்புச்சு. உங்க எடத்துல வேற எவனாவது இருந்திருந்தா நிம்மதியா குறட்டை விட்டிருப்பான், நான் போயிருப்பேன். எனக்கு நன்றி சொல்லத் தெரியலண்ணே, அதான் முள்ளங்கி கொண்டாந்தேன்.

வெண்டெலின்: நாந்தான் உனக்கு நன்றி சொல்லணும் தங்கச்சி. இன்னிக்குத்தான் நெஞ்சுல இருந்த கல்லு எறங்குச்சு.

வால்புர்கா: அப்ப ஒரு வாக்கு கொடுங்க. நான் நெசமாவே சாகுறன்னிக்கு என்னை ஏழாம் நம்பர்லயே போடச் சொல்லுங்க. மூணு நாளும் பக்கத்துல உக்காந்து சாப்பிடணும். எதையாவது பேசிக்கிட்டே இருக்கணும். அது போதும், எனக்குத் தூக்கம் வந்துடும்.

வெண்டெலின்: உனக்கு முன்னாடி நான் போயிடுவேனே.

வால்புர்கா: போனா நான் வந்து உக்காருறேன். முள்ளங்கி மட்டும் ஒழுங்கா சீவி.

வெண்டெலின்: ஹஹ்ஹா... சரி, வாக்கு. இப்ப அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கலாமா?

வால்புர்கா: இப்பப் பிரிங்க.

வெண்டெலின்: கம்பளி... சாம்பல் நெறம். சாக்ஸா? நீயே பின்னினியா? எவ்வளவு மெத்துனு... எங்க இன்னொண்ணு? கூடையில விழுந்துடுச்சா?

வால்புர்கா: இல்ல. ஒண்ணுதான் பின்னினேன்.

வெண்டெலின்: ஒத்தை சாக்ஸா? யாராவது ஜோடி இல்லாம பின்னுவாங்களா?

வால்புர்கா: வலது காலுதுதான் உங்ககிட்ட பத்திரமா இருக்கே.

வெண்டெலின்: ...நான் டாக்டர்கிட்ட துணின்னுதானே சொன்னேன்?

வால்புர்கா: டாக்டர்கிட்ட துணின்னீங்க. முதலாளிகிட்ட, ‘என் எடது கால் சாக்ஸைக் கழட்டி மணிக்குள்ள திணிச்சிருக்கேன் முதலாளி, கொஞ்ச நேரந்தான், கோவிச்சுக்காதீங்க’ன்னு சொன்னீங்க. அதுக்குக் கொஞ்சம் முன்னாடிலேர்ந்தே பக்கத்துக் கட்டில்ல நூலை இழுத்துக்கிட்டே கெடந்தேன் அண்ணே, ஏன் மணி அடிக்கலன்னு அப்பத்தான் புரிஞ்சுது. காலை நீட்டுங்க, அளவு சரியா இருக்கான்னு பாப்போம்.